யார் பேரில் கடை

1972இல் வேலப்பன் தேயிலைத் தொழிற்சாலை லோரியில் உதவியாளாக இருந்தான். தூள் பெட்டிகளோடு தாப்பாவுக்கு இறங்குவதும், காலி லோரியில் மலையேறித் தோட்டத்துக்குத் திரும்புவதும்தான் வேலை. ரிங்லெட்டுக்கு மேலே, தோட்டத்து மண்பாதை பெரிய ரோட்டைத் தொடும் முச்சந்தியில் அகலமான வெட்டவெளி ஒன்று இருந்தது. இன்னும் உயரத்தில் இருக்கும் திரிங்காப்பிலும் கம்போங் ராஜாவிலும் முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு இறங்கி வரும் லோரிகள் அங்கே வந்ததும் ஒதுங்கும். வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து பிரேக் சூடேறி நாற்றமடிக்கும். அது ஆறும்வரை டிரைவர்கள் பாறையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார்கள். இருபது நிமிஷம், சில நாள் அரை மணி.

வேலப்பன் ஒரு மாதம் அதைக் கவனித்தான். பிறகு ஒரு சாயங்காலம் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம் சொன்னான்.

"ஒரு நாளைக்கு நாப்பது லோரி நிக்குது ரஞ்சிதம். அத்தன பேரும் குளுருல கையத் தேச்சிக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கானுங்க. அங்க ஒரு அடுப்பு வைக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல லா."

ரஞ்சிதம் அதே தோட்டத்தில் பிறந்து, பதின்மூன்று வயதிலிருந்து கொழுந்து பறிப்பவள். லயத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் மீன் கறி வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "சோறும் மீன் கறியும் போதும். கூடவே நெத்திலி போட்ட வடை. சூடா இருந்தா சாப்புடுவாங்க."

ரோட்டோரம் கடை போட லைசன் வேண்டும். அடுத்த வாரம் வேலப்பன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு தானா ராத்தாவில் இருந்த மாவட்ட ஆபீசுக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது.

"சிவப்புக் கார்டுக்காரனுக்குக் குடுக்க மாட்டாங்களாம்."

அவன் தமிழ்நாட்டில் பிறந்து ஐந்து வயதில் அப்பனோடு கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்தவன். குடிமக்களுக்கு நீலக் கார்டு; அவனிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டுதான். குடியுரிமைக்காக ஒரு தடவை நேர்முகத்துக்குப் போனான். மலாயில் கேட்ட கேள்விக்கு அவன் தடுமாறிச் சொன்ன பதிலைக் கேட்டுக் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போகவே இல்லை.

"என்னுது நீலக் கார்டுதானங்க," என்றாள் ரஞ்சிதம். "எம்பேருல எடுக்கலாமே?"

"கேட்டுப் பாத்தேன். பொம்பளைங்களுக்குக் குடுக்கறது இல்லையாம்."

அவள் நம்பினாள். ஆபீஸ் என்ற ஒன்றின் வாசலை அவள் அதுவரை மிதித்ததில்லை.

ஒரு வாரத்தில் அவனே வழியும் கண்டுபிடித்தான். தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்த தங்கராஜு அவனுக்குத் தம்பி மாதிரி. இரண்டு பேரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். தங்கராஜுவிடம் நீலக் கார்டு இருந்தது. அவன் பேரில் மனுப் போட்டார்கள். தங்கராஜு எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. "பேருதானண்ணே, எடுத்துக்கங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். லைசன் வந்தது.

*

பழைய பெட்டிப் பலகைகளைத் தோளில் சுமந்து வேலப்பன் தனி ஆளாகக் கடையைக் கட்டினான். முதல் ஆண்டு ரஞ்சிதம் காலையில் கொழுந்து பறித்துவிட்டு மத்தியானம் கடைக்கு ஓடிவந்தாள். இரண்டாம் ஆண்டு இருவருமே தோட்டத்து வேலையை விட்டார்கள். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்பதால், கடைக்குப் பின்னாலேயே ஒரு அறை இறக்கிக் குடியிருந்தார்கள்.

கடை ஓடியது. அவள் கைப்பக்குவம் ஒரு காரணம். வேலப்பனின் வாய் இன்னொரு காரணம். எந்த டிரைவருக்குப் புளி ஆகாது, எவன் சோற்றுக்கு முன்னால் தேநீர் கேட்பான், எவன் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். சீன டிரைவர்கள் அவனிடம் மலாயும் சீனமும் கலந்து பேசுவார்கள். அவன் தமிழும் மலாயும் கலந்து பதில் சொல்வான். நேர்முகத்தில் வராத மலாய் அங்கே தாராளமாக வந்தது. ஆனால், பிரேக் ஆறுவதற்கு அந்த இடம் இல்லையென்றால் ஒரு லோரியும் நின்றிருக்காது என்று ரஞ்சிதத்துக்கு எப்போதும் ஒரு நினைப்பு உண்டு. அதை அவனிடம் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

தங்கராஜு வேலை முடிந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். தீபாவளிக்கு அவன் பெண்கள் மூன்று பேருக்கும் ரஞ்சிதம் துணி எடுத்துக் கொடுப்பாள். வேறு எதையும் அவன் கேட்டதில்லை. ஒவ்வொரு ஆண்டும் லைசனைப் புதுப்பிக்க மட்டும் ஆபீசுக்குப் போய் வருவான். இப்படியே ஒன்பது ஆண்டுகள் போயின.

1982இல் ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். முச்சந்தியில் இருந்த கடையை எடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. கடிதத்தின் கீழ்ப்பகுதியில் இன்னொரு விஷயமும் இருந்தது. அரை மைல் கீழே, டூரிஸ்ட் பஸ்கள் நிற்பதற்கு இடம் விட்டு, புதிதாக ஒரு கடை வரிசை கட்டப்போகிறார்கள். ரோட்டோரம் லைசன் வைத்திருப்பவர்களுக்கு அதில் முதல் உரிமை.

கடிதம் தங்கராஜு பேருக்கு வந்திருந்தது. அவனே அதைக் கொண்டுவந்து படித்துக் காட்டினான். வேலப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "கல்லுக் கட்டடம்டா தம்பி. தண்ணிக் குழா, கரண்டு எல்லாம் இருக்கும். நாம மேல போயிட்டோம்."

"ஆமாண்ணே," என்றான் தங்கராஜு.

அதற்குப் பிறகு அவன் கடைக்கு வருவது குறைந்தது. ஒரு மாதம் கழித்து வந்தபோது, மூத்த மகளைக் கட்டிய மருமகனும் கூட வந்திருந்தான். ஈப்போவில் ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்தவன். மருமகன்தான் பேசினான். புதுக் கடைக்குப் பேங்கில் லைசன்காரர்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் மாமா தலையில்தான் விடியும், அதனால் மாமாவே எடுத்து நடத்துவதுதான் முறை என்றான். தங்கராஜு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லு தம்பி," என்றான் வேலப்பன். "அவரு சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு."

"எனக்கு மூணு பொண்ணுண்ணே. ரெண்டு இன்னும் நிக்குது." தங்கராஜுவின் குரல் உள்ளே போயிருந்தது. "ஒன்பது வருஷம் ஒண்ணும் கேக்காம பேரு குடுத்தேன். எனக்கும் ஒரு எடம் வேணும்ல."

வேலப்பன் அவன் சட்டையைப் பிடித்தான். ரஞ்சிதம் இடையில் புகுந்து விலக்கினாள். அவர்கள் போன பிறகு அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்துத் தீய்ந்து போயிருந்தது. அன்று வந்த டிரைவர்களுக்கு வடை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டு வாரத்தில் கடையை இடித்தார்கள். ரிங்லெட்டில் ஒரு சீனர் வீட்டுப் பின்கட்டில் அறை எடுத்துக் குடியேறினார்கள். வேலப்பன் திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் ஒன்றுக்குக் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினான்.

*

ஆபீசுக்குப் போய் முறையிட வேண்டும் என்று ரஞ்சிதம் பல தடவை சொன்னாள். "போயி என்ன சொல்றது? எழுத்துல அவன் பேருதான இருக்கு," என்று வேலப்பன் தட்டிக்கழித்தான். அடுத்த ஆண்டு புதுக் கடையில் தங்கராஜு பேரைப் போட்ட பலகை ஏறியதும், ஒரு நாள் அவன் வேலைக்குப் போன பிறகு அவளே பஸ் ஏறினாள். நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அந்த வாசலை மிதித்தாள்.

கவுண்டரில் எழுத்து வேலை பார்க்கும் அர்ஜுனன் என்ற இளம் கிராணி இருந்தான். தமிழ்ப் பையன் என்று தெரிந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். உள்ளே போய் ஒரு பழைய கோப்பை எடுத்துவந்து புரட்டினான்.

"அக்கா, இதுல செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. லைசன் அவரோடது. ஆனா அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரரு போட்ட மனுவும் இதுலதான் இருக்கு."

"ஆமா தம்பி. சிவப்புக் கார்டுன்னு குடுக்கல."

"அது சரி." அவன் ஒரு தாளின் ஓரத்தில் இருந்த கையெழுத்தை விரலால் தொட்டுப் படித்தான். மலாயில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னான். "மனைவி குடியுரிமை உள்ளவரா இருந்தா அவங்க பேருல மனு செய்யலாம்னு அப்ப இருந்த ஆபீசரு சொல்லியிருக்காரு. மனைவி கார்டும் சிவப்புதான்னு இவரு பதில் சொன்னதா எழுதியிருக்கு. கீழ இவரு கையெழுத்து இருக்கு."

ரஞ்சிதம் கைப்பையைத் திறந்து தன் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீல நிறம் மங்கி, ஓரம் வெளுத்திருந்தது. அர்ஜுனன் அதைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"பொம்பளைங்களுக்குக் குடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்களே தம்பி."

"யாரு சொன்னாங்க? அதே வருஷம் பிரிஞ்சாங்குல ஒரு சீனம்மாவுக்கும், இங்க பக்கத்துல ஒரு மலாய்க்காரம்மாவுக்கும் குடுத்திருக்கு. இதே கோப்புல இருக்குதுக்கா."

அவள் கார்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் போனது. மூன்றாவதில் ஏறினாள்.

சாயங்காலம் வேலப்பன் காலில் சேறோடு வந்தான். அவள் கால் கழுவத் தண்ணீர் வைத்தாள். அவன் துடைத்துவிட்டு உட்கார்ந்ததும் கேட்டாள்.

"எம் கார்டு என்ன கலரு?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. துடைத்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சிங்காரத்த என்ன சொல்லிக் கூப்புட்டாங்கன்னு ஒனக்குத் தெரியும்ல," என்றான். "பொண்டாட்டி பேருல பொட்டிக்கடை வச்சான். பொண்டாட்டி கடை சிங்காரம்னு தோட்டமே சிரிச்சிது. கார்டுலயும் நான் ஆள் இல்ல, கடையிலயும் நான் ஆள் இல்லன்னு ஆயிடும்னு தோணுச்சு. ஒரு ஆம்பள பேரா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"இருக்கே," என்றாள் ரஞ்சிதம். "புதுக் கடையில போயி பாருங்க. ஆம்பள பேருதான் எழுதியிருக்கு. பெரிய எழுத்துல."

அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அரிசி, உப்பு, வாடகை தவிர வேறு பேச்சு அதிகம் இருக்கவில்லை.

*

1984இல் ரஞ்சிதம் தன் பேரிலேயே மனுப் போட்டாள். அர்ஜுனன்தான் எழுதிக்கொடுத்தான். ஆனால் நிலைமை மாறியிருந்தது. ரோட்டோரக் கடைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நூறு பேர் காத்திருந்தார்கள். நல்ல இடமெல்லாம் போய்விட்டது. ஏழு மாதம் கழித்துக் கியா பார்மில் ஒரு இடம் கிடைத்தது. ஸ்ட்ராபெரியும் சோளமும் விற்கும் கடை வரிசை முடிந்து, ரோடு திரும்பி, மறுபக்கம் இறங்கும் இடத்தில் இருந்தது அது. பஸ்கள் வரிசையின் முன்னால் நிற்கும். ஜனங்கள் பத்துப் பதினைந்து கடை பார்ப்பதற்குள் கைப்பை நிறைந்துவிடும், பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள். திருப்பத்தைத் தாண்டி ஒருவரும் வரமாட்டார்கள்.

அவள் அதே மீன் கறியைத்தான் வைத்தாள், அதே வடையைத்தான் சுட்டாள். பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் சிலர் வந்து சாப்பிட்டார்கள். அவர்களும் வீட்டிலிருந்து சோறு கட்டிவருகிறவர்கள். பழைய டிரைவர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்து வந்தார். லோரியைத் திருப்ப இடமில்லாமல் பின்னால் வந்த கார்க்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு அவரும் வரவில்லை. திருப்பத்துக்கு முன்னால் ஒரு பலகை நட்டு வைக்கலாம் என்று பார்த்தாள். அங்கே கடை வைத்திருந்தவர்கள் விடவில்லை. பதினான்காவது மாதம் கடையை மூடினாள். அடுப்பையும் இரண்டு பெரிய சட்டியையும் விற்றாள்.

தங்கராஜு உணவகத்தில் அந்தச் சமயத்தில் மாடியையும் வாடகைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே கறியில் புளியும் காரமும் தனித்தனியாக நிற்கும், மீன் சில நாள் வாடை அடிக்கும் என்று போனவர்களே வந்து சொல்வார்கள். ஆனால் தாப்பாவிலிருந்து இரண்டு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறி வந்த பஸ், வாசலிலேயே நிற்கும். இறங்குபவர்களுக்குக் கழிப்பறையும் வேண்டும், சோறும் வேண்டும். இரண்டும் அங்கே இருந்தது.

"தங்கராஜுக்குத் தொழில் மூளை," என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். "இவங்களுக்குக் கைராசி இல்ல."

*

1986இல் தோட்டத்து இளைஞர் மன்றத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகள் தோட்ட வேலையையே நம்பியிராமல் சொந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்பதற்காக. சிறப்பு விருந்தினர் தங்கராஜு. வந்தவர்களுக்கு வடை சுட ரஞ்சிதத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு. வேலப்பன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

தங்கராஜு முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. விடியற்காலையில் எழ வேண்டும், வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேச வேண்டும், நாணயம் வேண்டும் என்று சொன்னான். சொல்வதை எல்லாம் அவன் நம்பிச் சொல்வது போலத்தான் இருந்தது. முன் வரிசையில் ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். பேச்சு முடிந்ததும் அவனே எழுந்து கேட்டான்.

"உங்களுக்கு முன்னாடியே வேலப்பன் மாமா ரோட்டுல கடை வச்சிருந்தாரு. நல்லா ஓடுச்சின்னு அப்பா சொல்வாரு. அவரு ஏன் முன்னேறல?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. தங்கராஜு தொண்டையைச் செருமினான். "அண்ணன் நல்ல உழைப்பாளி. தொழிலுக்கு ஒரு நேரம் கூடி வரணும்," என்றான்.

எல்லார் கண்ணும் தன்மேல் இருப்பதை வேலப்பனால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றான். "மொதக் கடைய ரோட்டுக்காரன் எடுத்துட்டான். ரெண்டாவது கடைய பொம்பள பேருல வச்சோம். வெளங்கல, அவ்வளவுதான்," என்று சொல்லிச் சிரித்தான்.

பலர் சிரித்தார்கள். ரஞ்சிதம் தட்டு நிறைய வடையோடு பக்கவாசலில் நின்றிருந்தாள். தட்டை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"மொதக் கடை யாரு பேருல இருந்திச்சுன்னும் சொல்லுங்க," என்றாள்.

சிரிப்பு நின்றது. அவள் அந்தப் பையனைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு நீலக் கார்டு தம்பி. பொம்பளைக்கு லைசன் கெடையாதுன்னு எங்கிட்ட சொன்னாரு. பொண்டாட்டி கார்டும் சிவப்புன்னு ஆபீசுல சொன்னாரு. ரெண்டும் பொய்யி. தங்கராஜு தம்பி பேருல கடைய எழுதினாங்க, பேரு யாருதோ அவருக்குப் புதுக் கடை வந்திச்சு. அவரு காலையில எந்திரிக்கிறாரு, உண்மதான். நாங்களும் எந்திரிச்சோம். நோட்டுல எழுதறதா இருந்தா இதையும் எழுதிக்க."

பையன் பேனாவை விரலில் வைத்துக்கொண்டு மன்றத் தலைவரைப் பார்த்தான். தலைவர் மைக்கை வாங்கி, நேரம் ஆகிவிட்டது, வடையும் ஆறிக்கொண்டிருக்கிறது என்றார். விருந்தினருக்கு மாலை போட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். வேலப்பன் தட்டுகிற கைகளுக்கு நடுவில் வெளியே போய்விட்டான்.

கூட்டம் கலைந்ததும் தங்கராஜு பின்பக்கம் வந்தான். மாலை கையில் இருந்தது. ரஞ்சிதம் வாணலியில் இருந்த எண்ணெயை ஆற வைத்திருந்தாள்.

"அண்ணி, நம்ம கடைக்கே வந்துடுங்களேன். கறி சரியில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. சமையக்கட்ட முழுசா நீங்களே பாத்துக்கங்க."

"பங்கு குடுப்பியா தம்பி? எழுத்துல?"

அவன் மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "மாப்ள ஒத்துக்க மாட்டாரு அண்ணி. சம்பளம் நல்லாவே தர்றேன்."

"கறி சரியில்லன்னாலும் ஆளுங்க வந்துக்கிட்டுதான இருக்காங்க. அப்பறம் நான் எதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. அவன் மாலையோடு முன்பக்கம் போனான்.

அடுத்த வாரம் அவள் தோட்டத்துக் கங்காணி மாடசாமியைப் பார்த்து வேலை கேட்டாள். வேலை கிடைத்தால் லயத்தில் வீடு கிடைக்கும், ரிங்லெட் வாடகை மிச்சமாகும். அவளுக்கு நாற்பத்தைந்து வயதாகியிருந்தது. மாடசாமி தயங்கினார். கடைசியில் ஆள் பற்றாக்குறையாக இருந்ததால் சேர்த்துக்கொண்டார். லயத்தில் கடைக்கோடி வீடு கொடுத்தார்கள். வேலப்பனும் தன் டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். வீட்டை எழுதிக்கொள்ள வந்த தோட்டத்துக் கிராணி யார் பேரில் என்று கேட்டபோது அவன் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

அவள் விட்டுப்போன காலத்தில் கொழுந்தை விரலால் கிள்ளினார்கள். இப்போது பை கட்டிய பெரிய கத்தரியால் வெட்டினார்கள். அவள் பக்கத்து நிரையில் இருந்தவர்கள் அவள் பாதி வயதுக்காரிகள். கத்தரி அவள் கையில் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. முற்றல் இலையும் குச்சியும் பையில் விழுந்தன. முதல் நாள் சாயங்காலம் தராசில் வைத்தபோது எல்லாரையும் விட அவளுக்குத்தான் குறைவாக இருந்தது. அதிலும் முற்றலுக்காக இரண்டு கிலோ கழித்தார்கள்.

"பழகிடும்மா," என்றார் மாடசாமி.

"பழகிடும்," என்று சொல்லிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு லயத்தைப் பார்த்து இறங்கினாள்.